ஆறு கல், ஏழு குழி

என் கையால் நூற்றுப் பன்னிரண்டு கிணறு வெட்டியிருக்கிறேன். தேனியிலிருந்து லோயர் கேம்ப் வரைக்கும் எந்தத் தோட்டத்தில் போய்க் கேட்டாலும் முத்துக்கருப்பன் வெட்டின கிணறு என்றால் தெரியும். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஆனாலும் பாறையைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை முழத்தில் ஊற்று என்று சொல்லுவேன். படித்த இஞ்சினீயர்கள் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். யாரும் எனக்கு எதையும் தூக்கிக் கொடுக்கவில்லை. ஒரு கடப்பாரைதான் என் அப்பன் விட்டுப்போன சொத்து.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. இங்கே எழுதப்போவது என் கதை அல்ல, சுருளியம்மாளின் கதை. அவளுக்கு நேர்ந்தது தொழில் தெரியாத ஒருவனால் நேர்ந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தொழில் நன்றாகத் தெரிந்தவனால் நேர்ந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம் கோடை. ராயப்பன்பட்டிக்குக் கிழக்கே, மலையிலிருந்து தள்ளி, வீரணன் அண்ணன் தன் நிலத்தில் கிணறு தோண்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பெரியப்பா மகன். அவரும், அவர் மகன் சங்கிலியும், மொக்கைச்சாமியும், நானும் சேர்ந்து நாலு பேர் கூட்டம். எனக்குப் பத்தொன்பது வயது. சங்கிலிக்குப் பதினைந்து. சங்கிலியின் தங்கை சுருளியம்மாளுக்கு ஒன்பது.

கிணற்றில் பாறை வந்துவிட்டால் மண்வெட்டிக்கு வேலை இல்லை. ஜம்பர் கம்பியை இரண்டு கையாலும் தூக்கித் தூக்கிக் குத்தி முழங்கை ஆழத்துக்குக் குழி போட வேண்டும். அதில் கரிமருந்தைக் கெட்டித்துத் திரி வைத்துக் கொளுத்திவிட்டு, கயிற்றைப் பிடித்து மேலே ஏறி ஓட வேண்டும். எல்லாம் ஒரே சமயத்தில் வெடிக்காது. திரியின் நீளத்துக்குத் தக்கபடி ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும். எத்தனை குழியோ அத்தனை சத்தம் கேட்டாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு ஒருத்தரும் உள்ளே இறங்கக் கூடாது.

அந்தச் சத்தத்தை எண்ணுவதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. குழிக்கு ஒன்றாகக் கூழாங்கல் பொறுக்கி, எண்ணுகிற ஆளின் வலது கையில் கொடுத்துவிடுவோம். ஒரு வெடிக்கு ஒரு கல்லை இடது கைக்கு மாற்ற வேண்டும். வலது கை காலியானால் "முடிஞ்சிருச்சு" என்று கூவ வேண்டும். வெடிச் சத்தத்திலேயே கிடந்து எங்கள் காதெல்லாம் மந்தம். அதனால் பிள்ளைகளைத்தான் நிறுத்துவோம். அந்தக் கிணற்றுக்குச் சுருளி.

அப்போது அவள் வாய் சும்மா இருக்காது. அன்று காலையில் வீரணன் அண்ணன் ஆறு இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் குறி போட்டார். "கெழக்கு மூலையில நிக்குதே ஒரு பாறை, அதை இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்லே. அங்கன தண்ணி கசியுது. இன்னைக்கு ஆறு போதும்" என்றார். நான் ஆறு கல் பொறுக்கிச் சுருளியிடம் கொடுத்தேன். அவள் உடனே கையை மூடவில்லை.

"இருங்க சித்தப்பா, எண்ணிக்கிறேன். ஒங்களை நம்ப முடியாது."

"ஏன் ஆத்தா, நான் என்னைக்கு ஒன்னை ஏமாத்துனேன்?"

"அன்னைக்கு ரெண்டு பனங்கெழங்குன்னு சொல்லி ஒண்ணு குடுத்தீகல்ல?" என்றவள் ஒவ்வொரு கல்லாகத் தூக்கிப் பார்த்து, "லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு" என்று எண்ணி முடித்த பிறகுதான் கையை மூடினாள். நெல் அளக்கிறபோது எங்கள் பக்கம் ஒன்று என்று சொல்லமாட்டோம், லாபம் என்றுதான் தொடங்குவோம். கல்லையும் அவள் அப்படித்தான் எண்ணுவாள்.

வீரணன் அண்ணனும் சங்கிலியும் மழுங்கின கம்பிகளை எடுத்துக்கொண்டு கொல்லன் பட்டறைக்குப் போனார்கள். உள்ளே நானும் மொக்கைச்சாமியும். ஆறு குழியும் முடிந்தபோது பொழுது இன்னும் உச்சிக்கு வரவில்லை. கிழக்கு மூலையைப் பார்த்தேன்.

மொக்கைச்சாமி சிரித்தான். "என்னடா, மாமியா வீட்டைப் பாக்கிற மாதிரி பாக்கிறே? அது ஒன்னால ஆகாது. ஒனக்குப் பலமெல்லாம் வாயிலதான்."

"கோயில் மணி அடிக்கிறதுக்குள்ள போட்டுட்டேன்னா?"

"போட்டுட்டேன்னா என் மீசையை எடுத்துக்கிறேன். போடா" என்று சொல்லிவிட்டு அவன் மேலே ஏறி, மாடுகளைத் தூரத்தில் கட்டப் போய்விட்டான்.

போட்டேன். தண்ணீர் கசிகிற மூலையில் சாய்ந்து நின்றுகொண்டு, உள்ளங்கைத் தோல் உரிய, ராயப்பன்பட்டிக் கோயிலில் பன்னிரண்டு மணி அடிப்பதற்குள் அந்தக் குழியைப் போட்டேன். அந்த வயதில் இந்தப் பள்ளத்தாக்கில் வேறு எவனும் போட்டிருக்க மாட்டான். ஆறு குழிக்கு அளந்து வைத்திருந்த மருந்தில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஏழாவதற்கும் கெட்டித்தேன். ஏழு திரியையும் கொளுத்தினேன். ஏறி ஓடிப் புளியமரத்தடியில் உட்கார்ந்து கூழ்க் கலயத்தை எடுத்தேன். மொக்கைச்சாமியிடம் என்ன சொல்லலாம் என்பதிலேயே என் புத்தி இருந்தது. சத்தத்தை நான் எண்ணவில்லை. எண்ணத்தான் பிள்ளை நிற்கிறாளே.

"முடிஞ்சிருச்சூ..." என்று சுருளி கூவினாள்.

பட்டறையிலிருந்து வந்துவிட்ட வீரணன் அண்ணன் புகை அடங்கட்டும் என்று சற்று நின்று பார்த்துவிட்டு, சங்கிலியோடு கயிற்றைப் பிடித்து இறங்கினார். கலயம் என் வாயில் இருந்தது. அப்போதுதான் அவள் கையில் ஆறு கல்தானே கொடுத்தோம் என்று நினைப்பு வந்தது. எழுந்து நின்றேன். கூவியிருக்க வேண்டும். கூவவில்லை. ஏழும் வெடித்திருக்கும், சொல்லாமல் ஏழாவது போட்டதற்கு அண்ணன் எல்லார் முன்னாலும் வைவாரே என்று ஒரு மூச்சு விடுகிற நேரம் யோசித்தேன். அந்த ஒரு மூச்சு நேரத்தில் நிலம் அதிர்ந்தது. கசிவில் நனைந்த திரி மெதுவாக எரிந்திருக்கிறது.

உள்ளே இறங்கிப் பார்த்ததை எழுத மாட்டேன். இரண்டு பேரையும் ஒரே ஓலைப்பாயில் கட்டித்தான் தூக்கினோம். அது போதும்.

ஊர் கூடிவிட்டது. சுருளி நின்ற இடத்திலேயே நின்றாள். யாரோ அவள் இடது கையைப் பிரித்தார்கள். ஆறு கல்லும் அதில் இருந்தன. வலது கை காலி. மொக்கைச்சாமி என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"எத்தனை குழிடா? முத்து, ஒன்னைத்தான். எத்தனை குழி?"

"ஆறு" என்றேன்.

என் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு சொல்தான். மூலைக் குழி என்னால் ஆகாது என்று நம்பியிருந்த மொக்கைச்சாமி அதற்கு மேல் கேட்கவில்லை. கூட்டத்திலேயே ஒருவர் கணக்குத் தீர்த்துவிட்டார்: "மலை எதிரொலியையும் சேத்து எண்ணியிருக்கு பிள்ளை. அஞ்சு வெடிச்சதை ஆறுன்னு கூவிருச்சு." அவள் ஆத்தா கருத்தம்மாள், எனக்கு மதினி, ஓடிவந்து மகளின் வாயிலேயே அடித்தாள். "இந்த வாயிதானடி கூவுச்சு. இந்த வாயிதான என் ரெண்டு உசுரையும் உள்ள எறக்கி விட்டுச்சு."

சுருளி என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் அவள் பேசவில்லை. வாசலில் யாராவது விறகு பிளந்தால் பாத்திரங்களுக்கு இடையில் போய் ஒடுங்கிக்கொள்வாள். உறங்கினால் பாயை நனைத்துவிடுவாள். சாப்பாட்டைக் கண்டால் ஓங்கரிப்பாள். வீரபாண்டித் திருவிழாவில் வாண வேடிக்கையின் முதல் வேட்டுக்கே விழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். செத்துப்போன அண்ணன்தான் பிடித்திருக்கிறான் என்று ஊரில் முடிவாயிற்று. கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள். அவன் உடுக்கை அடித்து, நொச்சிக் குச்சியால் விளாசி, "சொல்லுடா, நீ யாரு? சங்கிலியா? என்ன வேணும் ஒனக்கு?" என்று கேட்டான். அவள் அழவில்லை. அடிக்கிற கையையும் பார்க்கவில்லை. கையை மட்டும் இறுக்கி மூடியிருந்தாள். மூன்று பேர் சேர்ந்து அவள் விரல்களைப் பிரித்தபோது உள்ளே ஒரு கூழாங்கல் இருந்தது. பேய் அந்தக் கல்லில்தான் இருக்கிறதென்று கோடாங்கி அதை ஆற்றில் எறியச் சொன்னான்.

அடிபட்டவளைப் பிடித்தது பேய் இல்லை என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நானும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மறு மாதமே அந்த ஊரை விட்டுப் போனேன். உழைத்தேன், பெயர் எடுத்தேன், மேஸ்திரி ஆனேன். மொக்கைச்சாமி ஏலமலைக்குப் போய்க் காய்ச்சலில் செத்தான். அந்த ஏழாவது குழியைப் பற்றி மட்டும் நான் எங்கேயும் பெருமை பேசியதில்லை. வீரணன் அண்ணன் கிணறு அரைகுறையாகக் கிடந்து தண்ணீர் நிரம்பிவிட்டது. யாரும் அதில் இறங்கவில்லை, இறைக்கவும் இல்லை.

நாற்பத்து மூன்றாம் வருஷம். யுத்த காலம். மண்ணெண்ணெய்கூடக் கிடைக்காத அந்தக் காலத்தில் சொந்தமாக ஆயில் எஞ்சின் வைத்திருந்த கிணற்று மேஸ்திரி கம்பம் பள்ளத்தாக்கில் நான் ஒருவன்தான். கடமலைக்குண்டுப் பக்கம் ஒரு கிணறு எடுத்திருந்தேன். பாறை வந்தது. ஒரு நாள் காலையில் முதல் வெடி வைத்தோம். அரை நாழிகைகூட ஆகவில்லை, ஒரு ஆள் ஈர வேட்டியோடு ஓடி வந்தான்.

"இங்கன மேஸ்திரி யாரு?"

"நான்தான். என்ன?"

"ஊருக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிட்டு வெடி வைக்க மாட்டீகளா? என் பொஞ்சாதி பிள்ளையைக் கொன்னுருப்பா இன்னேரம்!"

அவன் பெயர் செல்லப்பாண்டி. வாய்க்காலில் அவன் மனைவி ஆறு வயது மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாளாம். வெடி கேட்டதும் பிள்ளையைத் தண்ணீருக்குள் அமுக்கி அதன் மேலேயே படுத்துக்கொண்டாளாம். துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நாலு பேர் சேர்ந்துதான் அவளைப் புரட்டியிருக்கிறார்கள். பிள்ளை பிழைத்தது. "எப்பவும் இப்படியா?" என்று கேட்டேன். சத்தம் என்றாலே ஆகாது என்றான். பிள்ளை சிரித்தால் வாயைப் பொத்துவாள். களத்தில் நெல் அளக்கச் சொன்னால் அஞ்சு படி வரைக்கும் எண்ணி அதோடு நிறுத்திவிடுவாள், அதற்கு மேல் வாய் வராது. "அவ ராயப்பன்பட்டிப் பக்கம். சின்னப் பிள்ளையில ஏதோ கெணத்துல..." என்று அவன் தொடங்கியபோதே அது சுருளிதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவன் பின்னாலேயே போனேன். வீட்டு வாசலில் கூட்டம். செல்லப்பாண்டியின் அண்ணன் கத்திக்கொண்டிருந்தான். "இன்னைக்கே வண்டியில ஏத்தி இவ ஆத்தா வீட்டுல கொண்டுபோய் விடு. பிள்ளை இங்கன இருக்கட்டும். இன்னொரு தடவை விட்டுவச்சா பாடைதான் கட்டணும்." உள்ளே சுருளியை நடுத்தூணில் கட்டியிருந்தார்கள். அவிழ்த்துக்கொண்டிருந்தாள் சந்தனம்மாள் என்கிற பக்கத்து வீட்டுக்காரி. ஐம்பது வயதிருக்கும். அந்த ஊரில் பேறுகாலம் பார்க்கிறவள்.

"கட்டுறீகளே, இது என்ன மாடா? ஆம்பளைகள்லாம் வெளிய போங்க" என்று அதட்டினாள்.

சுருளி நிமிர்ந்து பார்த்தாள். இருபத்தாறு வயதில் நாற்பது வயதுக்காரி மாதிரி இருந்தாள். என்னை அடையாளம் தெரிந்ததும் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அது மூடியே இருந்தது.

என் வாழ்க்கையில் நான் எந்தப் பாறைக்கும் பயந்ததில்லை. அன்று அவள் முன்னால் போய் உட்காராமல் கதவோரமே நின்றேன். சந்தனம்மாளும் செல்லப்பாண்டியும் கேட்க, சொன்னேன். "சுருளி, நீ எண்ணுனது சரி ஆத்தா. வெடிச்சது ஆறுதான், நீ கூவுனதும் ஆறுதான். ஆனா குழி ஏழு. ஏழாவதை நான் போட்டேன். ஒன்கிட்டச் சொல்லல. கேட்டப்ப ஆறுன்னு பொய் சொன்னேன்."

அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள்.

"போங்க சித்தப்பா. ஆறுதலுக்குச் சொல்றீக. நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல மலையில எதிரொலி கேட்டுச்சு. அதுக்கும் ஒரு கல்லை மாத்திட்டேன். இப்பவும் எனக்குக் காதுல கேக்குது."

அப்படி ஒரு எதிரொலியே கிடையாது. அந்த இடத்தில் மலை தள்ளி இருக்கிறது, நான் எத்தனை வெடி வைத்திருக்கிறேன் அங்கே. பதினேழு வருஷமாக ஊரும் ஆத்தாளும் சொன்னதை அவள் காது கேட்டதாகவே ஆக்கிக்கொண்டுவிட்டது. நான் சத்தியம் செய்தேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

வெளியே வந்ததும் சந்தனம்மாள் என்னை நிறுத்தினாள். நான் ஊரில் பெரிய மேஸ்திரி, அவள் அதையெல்லாம் பார்க்கவில்லை.

"சொல்லிட்டோம்னு போகாதீக. இவளுக்குப் பேயும் இல்ல பிசாசும் இல்ல. பயம். ஒம்பது வயசுல உள்ள போன பயம் அந்த வயசுலயே உக்காந்திருக்கு. எனக்குத் தெரியும். காலரா வந்து எங்க வீட்டுல அஞ்சு பேரு செத்தாக. எனக்கு ஏழு வயசு. தண்ணி மொண்டுட்டு வந்தது நான். நான் மொண்ட தண்ணியிலதான் வந்துச்சுன்னு சொன்னாக. வெளிக்கதவைச் சாத்திட்டுப் போய்ட்டாக. பொணத்தோட ஒரு பகல் பூராவும் கெடந்தேன்."

"அப்புறம்?"

"எங்க அத்தை ஒருத்தி எடுத்து வளத்தா. தண்ணிக் கொடத்தைப் பாத்தாலே நான் நடுங்குவேன். அவ அடிக்கல, மந்திரிக்கல. நடுங்குறப்பல்லாம் பக்கத்துல உக்காந்து ஒன் மேல தப்பில்லடின்னு சொல்லிட்டே இருப்பா. கொடத்தைத் தூக்க எனக்கு மூணு வருசம் ஆச்சு. இவகிட்ட நானும் ரெண்டு வருசமா உக்காந்து பாக்குறேன். எதுக்கு நடுங்குறான்னே எனக்குத் தெரியாமப் போச்சு. இப்பத்தான் தெரிஞ்சது. ஆனா இவளுக்குச் சொன்னாப் பத்தாது. கெணறு வெட்டுறவக மக. கண்ணுல காட்டணும். காட்டுறதுக்கு ஏதாச்சும் கெடக்கா?"

கிடந்தது. பாறையில் போட்ட குழி வெடித்தாலும் அதன் அடித்தூர் அப்படியே நிற்கும். விரல் நுழைகிற அளவுக்கு, சட்டி வழித்த மாதிரி. அடுத்த வெடி வைத்தால் அதுவும் போய்விடும். வீரணன் அண்ணன் கிணற்றில் அடுத்த வெடி வைக்கவே இல்லை.

செல்லப்பாண்டி தன் அண்ணனிடம் அமாவாசை வரைக்கும் தவணை கேட்டான். அதற்குள் இவள் தெளியாவிட்டால் வண்டி ஏற்றி விடுவது, பிள்ளை அண்ணன் வீட்டுக்கு. அப்படித்தான் பேச்சு. எஞ்சினை மாட்டு வண்டியில் ஏற்றினேன். சுருளி, அவள் மகள் சுப்புத்தாய், செல்லப்பாண்டி, சந்தனம்மாள் நாலு பேரும் இன்னொரு வண்டியில். ராயப்பன்பட்டிக்குப் போய்ச் சேர இரண்டு நாள் ஆயிற்று. அவள் வழி முழுக்கப் பிள்ளையைத் தன் முந்தானையால் இடுப்போடு கட்டியிருந்தாள்.

மூன்று நாள் இறைத்தேன். பதினேழு வருஷத்துத் தண்ணீர், பச்சையாக, நாற்றம் பிடித்து வந்தது. எஞ்சின் சத்தத்துக்கு அவள் முதல் நாள் வண்டிக்கு அடியில் கிடந்தாள். சந்தனம்மாளும் அடியில் போய்ப் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் இரண்டு பேரும் வண்டிமேல் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் வடிந்ததும் கீழே கிடந்த உடைகல்லை வேறு ஆளை விடாமல் நானே அள்ளினேன். கல்லுக்கிடையில் ஒரு செப்புக் காப்பு கிடைத்தது. சங்கிலியுடையது. அதை மடியில் கட்டிக்கொண்டேன்.

அடிப்பாறை தெரிந்தது. எண்ணிப் பார்த்தேன். எனக்கே ஒரு ஆசை இருந்தது, ஆறுதான் இருக்குமோ, நான்தான் இத்தனை வருஷம் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேனோ என்று. ஏழு இருந்தன.

ஏணி வைத்தேன். சுருளி விளிம்பில் வந்து நின்றவள் உள்ளே பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து உச்சிப்பொழுது வரைக்கும் உட்கார்ந்தே இருந்தாள். கோயில் மணி பன்னிரண்டு அடித்தபோது உடம்பெல்லாம் உதறியது. சந்தனம்மாள் அவள் முதுகில் கையை வைத்து, "மணிதான். வேற ஒண்ணும் இல்ல. மணிதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்புறம் சுருளி தன் முந்தானையிலிருந்து மகளை அவிழ்த்துச் சந்தனம்மாளிடம் கொடுத்துவிட்டு ஏணியில் கால் வைத்தாள். செல்லப்பாண்டி அவளுக்கு முன்னால் இறங்கினான்.

அடியில் வந்து நின்றதும் அவள் முதலில் கேட்டது இது: "முந்தின வெடியோட தடமா இருந்தா?"

கிணறு வெட்டுகிறவர் மகள்தான். "முந்தினது எல்லாம் சொவத்துல மேல நிக்கும் ஆத்தா. இது தரையில நிக்குது. இதுக்கு அப்புறம் ஒருத்தரும் வெடி வைக்கல" என்றேன்.

அவள் குனிந்து ஒவ்வொரு குழியிலும் சுட்டுவிரலை விட்டாள். "லாபம்." நகர்ந்தாள். "ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு." அங்கே நின்றுவிட்டாள். மூச்சு வாங்கியது. செல்லப்பாண்டி கையை நீட்டினான், அவள் பிடிக்கவில்லை. "ஆறு" என்றாள். சுவரோரம் சாய்வாக இருந்த கிழக்கு மூலைக் குழிக்குத் தவழ்ந்தே போனாள். விரலை விட்டாள். எடுக்கவில்லை. ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

"எனக்கு ஆறு கல்லுதான குடுத்தீக?"

"ஆமா ஆத்தா."

"எண்ணித்தான வாங்குனேன்?"

"எண்ணித்தான் வாங்குனே."

"அப்புறம் ஏன் ஆறுன்னு சொன்னீக?"

"பயம்" என்றேன். "பயமா இருந்துச்சு."

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு" என்றாள். "எனக்கு ஒம்பது வயசு சித்தப்பா."

அவள் அழுதது அப்போதுதான். அந்தக் கிணற்றுக்குள் அது நாலு சுவரிலும் மோதித் திரும்பியது. மேலே பிள்ளையும் அழ ஆரம்பித்தது. அழுது முடித்ததும் எழுந்தாள். "எங்க ஆத்தாகிட்ட வந்து சொல்லுங்க. அன்னைக்கு நின்ன மாதிரி ஆளுக நிக்கணும். அவுக முன்னால சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். ஊர் மந்தையில், என்னை மேஸ்திரி என்று கும்பிடுகிற ஆட்கள் நாற்பது பேர் முன்னால், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னேன். ஒருவன் காறித் துப்பினான். துடைக்கவில்லை. கருத்தம்மாள் மதினிக்கு அப்போது கண் பாதி போயிருந்தது. நான் கொடுத்த செப்புக் காப்பைத் தடவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"இப்ப எதுக்குடா வந்து சொல்றே?" என்றாள். "இவளை வஞ்சுக்கிட்டேதான் நான் உசுரோட இருந்தேன். இனிமே நான் யாரை வைய?"

"என்னை வைங்க மதினி."

"ஒன்னை வஞ்சு என்ன ஆகப்போகுது. நீ யாரோ. இவ என் வயித்துல பெறந்தவ." மகளைக் கட்டிக்கொள்ளவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. கிளம்புகிறபோது மட்டும் சுருளியின் முகத்தைக் கையால் தேடி, அன்று அடித்த வாயைத் தொட்டுப் பார்த்தாள். அடுத்த தையில் மதினி செத்துப்போனாள்.

பிள்ளையை யாரும் பிரிக்கவில்லை. கிணற்றுக்குள் நின்று எல்லாவற்றையும் காதால் கேட்டவன் செல்லப்பாண்டி. தன் அண்ணனிடம் போய், "எம் பொஞ்சாதிக்குப் பைத்தியம் இல்ல. இனிமே அந்தப் பேச்சு வேணாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். ஆனால் சுருளி தெளிந்துவிட்டாள் என்று நான் எழுதினால் அது பொய். இடி இடித்தால் அப்புறமும் ஒடுங்கினாள். ஒடுங்குகிறபோது சந்தனம்மாள் போய் உட்காருவாள். சந்தனம்மாளுக்கு முடியாத நாளில் செல்லப்பாண்டி உட்காருவான். வாயைப் பொத்துகிற பழக்கம் போக மூன்று வருஷம் ஆயிற்று. சுப்புத்தாய் சத்தம் போட்டுச் சிரிக்கப் பழக அதற்கு மேலும் ஆயிற்று.

நான் அந்தப் பக்கம் வெடி வைத்தால் முதல் நாளே ஆள் அனுப்பிச் சொல்லிவிடுவேன். எத்தனை குழி என்பதையும் சொல்லி அனுப்புவேன். அப்புறம் என் கிணறுகளில் பிள்ளைகளை எண்ண நிறுத்தியதில்லை. எண்ணுகிற ஆள் தானே உள்ளே இறங்கிக் குழியைத் தொட்டுப் பார்த்துத் தானே கல் பொறுக்க வேண்டும். அந்தக் கட்டளைக்குப் பிறகு எண்பத்து நாலு கிணறு வெட்டினேன். ஒரு உயிர் போகவில்லை. அதைப் பெருமையாகத்தான் சொல்லுகிறேன், சொல்ல எனக்கு உரிமை உண்டு. வீரணன் அண்ணன் கிணற்றை மட்டும் நான் முடிக்கவில்லை. முடிக்கட்டுமா என்று சுருளியிடம் கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டாள். நூற்றுப் பன்னிரண்டில் அது சேராது.

நாற்பத்தெட்டில் அறுவடைக் காலத்தில் ஒரு தடவை கடமலைக்குண்டுக்குப் போயிருந்தேன். சுருளி களத்தில் நெல் அளந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை. அவள் என்றைக்கும் சொன்னதில்லை, நானும் எதிர்பார்த்ததில்லை. சுப்புத்தாய்தான் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சுருளி படியை நெல்லில் அமுக்கி எடுத்தாள். "லாபம்" என்று சாக்கில் கொட்டினாள். ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. படி நின்றது. களத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தவில்லை. அவர்களுக்கு இது பழகியிருந்தது. அவள் ஒரு மூச்சு இழுத்து, "ஆறு" என்றாள்.

நெல்லை வழித்து, "ஏழு" என்றாள். அதைக் கொட்டுகிறபோது என்னைப் பார்த்துக்கொண்டே கொட்டினாள். நான் செம்பைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் எட்டாவது படிக்குக் குனிந்தாள்.